மூணு நூல் போல்ட்டும் பரங்கிப்பேட்டை இரும்பும்

தானே புயல் அடிச்ச வருஷம் எங்க கொல்லையில இருந்த ரெண்டு ஏக்கர் மல்லாட்டையைக் காப்பாத்தினது ஒரு டேப்பு. பாட்டு கேக்கற டேப்பும் இல்லை, தண்ணி வர்ற டேப்பும் இல்லை. இரும்பு ஓட்டைக்குள்ள மரை வெட்டற டேப்பு. விரல் நீளம்தான் இருக்கும். அது எப்படின்னு சொல்லணும்னா பரங்கிப்பேட்டையில ஆரம்பிச்சு, மான்செஸ்டர் போய், நெய்வேலி வழியாத் திரும்பி வரணும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

நகரத்து நண்பர்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். போல்ட்டைச் சுத்தி வரிவரியா ஓடுதே, அதைத்தான் நாங்க மரைன்னு சொல்றோம். பாடப்புத்தகத்துல திருகுபுரின்னு போட்டிருப்பாங்க. பட்டறையில போய் அப்படிக் கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. புத்தி சரியில்லாதவனை 'மரை கழண்ட கேஸு'ன்னு சொல்றோமே, அந்த மரைதான் இது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்ததை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. எங்க ஊரு புவனகிரிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவுல. மரம் அவ்வளவா இல்லை, ஆனா கரண்டு கம்பம் ஒண்ணு கூட நிக்கலை. மோட்டார் இருக்கு, போர்ல தண்ணி இருக்கு, கரண்டு இல்லை. எப்ப வரும்னு கேட்டா லைன்மேன் கையை விரிச்சார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, மாவட்டம் பூராவும் அதே கதி.

கார்த்திகை கடைசியில விதைச்ச மல்லாட்டை. புயலோட வந்த மழை ஈரம் மணல் தரையில பத்து நாளைக்குத்தான் தாங்குச்சு. பொங்கலுக்கு முந்தின வாரம் பூ எடுத்து விழுது இறங்கற நேரம். அந்த நேரத்துல தண்ணி காட்டலைன்னா செடி பச்சையா நிக்கும், பிடுங்கிப் பாத்தா அடியில காய் இருக்காது. அப்பா காலத்து ஆயில் என்ஜின் கொட்டாய்ல கோழி அடையற இடமாக் கிடந்தது. லிஸ்டர் மாடல், அஞ்சு குதிரை சக்தி, ராஜ்கோட்ல வார்த்தது. நான் அஞ்சாவது படிக்கும்போது மாட்டு வண்டியில வந்து இறங்கினது. பன்னெண்டு வருஷமா ஓட்டலை. நானும் மச்சானும் அதை வெளியில இழுத்து, மண்ணெண்ணெய் விட்டு ஊற வெச்சு, கைப்பிடி போட்டுச் சுத்தினோம். ரெண்டாம் நாளு புகை கக்கிக்கிட்டு உயிர் வந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கம்மா அழுதுட்டாங்க. அப்பா ஞாபகம்.

பிரச்சினை அதுக்கப்புறம். பம்பு தள்ளற தண்ணியிலேர்ந்து ஒரு கிளைக் குழாய் எடுத்துத்தான் என்ஜினைக் குளிர வைப்போம். அந்தக் குழாயை என்ஜினோட சேக்கற இடத்துல ரெண்டு போல்ட்டு. ஒண்ணைக் காணோம். இன்னொண்ணு துருப்பிடிச்சு இறுகியிருந்தது. மச்சான் தன்னோட பவர் டில்லர் பெட்டியில தேடி ஒரு போல்ட்டு எடுத்தார். எட்டு எம்.எம். எங்க ஊர்ல எட்டு எம்.எம்.னா ரெண்டரை நூல், ரெண்டரை நூல்னா எட்டு எம்.எம். கம்பி கட்டறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. போல்ட்டு அழகா நுழைஞ்சுது. ரெண்டு சுத்து சுத்தினதும் இறுகிப் போச்சு. துருன்னு நெனச்சு ஸ்பேனர்ல பைப்பை மாட்டி நான்தான் அழுத்தினேன். இன்னும் ஒரு சுத்து போச்சு. அப்புறம் திடீர்னு லேசாயிடுச்சு. இரும்பு வேலை பண்ணினவங்களுக்கு அந்த லேசு தெரியும், வயித்துல ஒரு மாதிரி இறங்கும். போல்ட்டை வெளியே எடுத்தா அதோட மரை இடுக்குல வார்ப்பிரும்புத் தூள். ஓட்டை வழவழன்னு இருக்கு.

பெட்ரோல் போட்டுக்கிட்டுச் சிதம்பரம் போனேன். லேத் பட்டறை ஒண்ணொண்ணா ஏறி இறங்கினேன். ஜெனரேட்டர் வெச்சிருந்தவங்க கிட்ட ஊர்ப்பட்ட வேலை, பத்து நாள் ஆகும்னாங்க. மத்ததெல்லாம் மூடிக் கிடந்தது. ஒரு பட்டறைக்காரர்தான், "கையால வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் இருக்கார், சர்க்கரை ஆலையில ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவர், அவரைப் போய்ப் பாருங்க"ன்னு அனுப்பினார்.

திண்ணையில உக்காந்து இந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். நான் கதையைச் சொல்லி முடிச்சதும் அவர் என்ன சைஸ்னு கேக்கலை. "என்ஜின் எந்த ஊரு தம்பி?"ன்னார்.

"ராஜ்கோட்டுங்கய்யா."

"அது வார்த்த ஊரு. பொறந்த ஊரு?"

எனக்குப் புரியலை. அவரே சொன்னார்: "லிஸ்டர்னா இங்கிலாந்து. அப்ப அது விட்வொர்த் மரை. நீ போட்டது மெட்ரிக். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான், உள்ள விடும். ஆனா நடை வேற."

நடைன்னா ஒரு சுத்துக்கு போல்ட்டு எவ்வளவு முன்னால போகுதுங்கற கணக்கு. ரெண்டரை நூல் விட்வொர்த்ல ஒரு அங்குலத்துக்கு 18 மரை. அதாவது சுத்துக்கு 1.41 எம்.எம். எட்டு எம்.எம். போல்ட்டுல சுத்துக்கு 1.25 எம்.எம். முதல் சுத்துல வித்தியாசம் தெரியாது. ரெண்டாவது, மூணாவதுல சேந்துக்கும். உயரமும் நெட்டையுமா ரெண்டு பேர் கைகோத்து நடக்கற மாதிரி. அப்ப பலசாலி எவனோ அவன் அடுத்தவன் காலை மிதிப்பான். வார்ப்பிரும்புக்கும் எஃகு போல்ட்டுக்கும் நடந்த சண்டையில என் என்ஜின் தோத்துப் போச்சு.

இந்த விட்வொர்த் யாருன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. அப்புறம் தேடிப் படிச்சதைச் சொல்றேன்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால போல்ட்டு நட்டுன்னா ஜோடி ஜோடி. ஒரு பட்டறையில செஞ்ச நட்டு அடுத்த பட்டறை போல்ட்டுல ஏறாது. சொல்லப் போனா ஒரே மிஷின்ல இருக்கற இந்த போல்ட்டோட நட்டு அந்த போல்ட்டுல ஏறாது. கழட்டும்போது ஜோடியை அடையாளம் போட்டு வெக்கணும். லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேன்னு ஒரு பட்டறைக்காரர் 1800 வாக்குல மரை வெட்டற லேத்தை ஒழுங்கு பண்ணினார். அவர்கிட்ட வேலை பாத்தவர்தான் ஜோசப் விட்வொர்த். பின்னால மான்செஸ்டர்ல சொந்தமாப் பட்டறை வெச்சார். இங்கிலாந்து பூராவும் இருந்த பட்டறைகள்லேர்ந்து போல்ட்டு போல்ட்டா வரவழைச்சு, அளந்து பாத்து, நடுவாந்தரமா ஒரு கணக்கு எடுத்தார். மரையோட சரிவு 55 டிகிரி, இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரைன்னு ஒரு பட்டியல். 1841ல அதை வெளியிட்டார். உலகத்துல முதல் பொது மரை அதுதான்.

அதே காலத்துல எங்க பக்கத்துல என்ன நடந்ததுன்னு பாத்தா எனக்கே ஆச்சரியம். 1830ல பரங்கிப்பேட்டையில ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் இரும்பு உலை கட்டினார். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு வந்தவர். சேலம் பக்கத்து இரும்புத்தாது, காட்டு மரத்தை எரிச்ச கரி, ஏத்தி அனுப்ப கடல். இங்க உருக்கின இரும்பு ஷெஃபீல்டுக்குப் போச்சு. வேல்ஸ்ல மெனாய் நீரிணை மேல கட்டின பிரிட்டானியா பாலத்துல பரங்கிப்பேட்டை இரும்பும் இருந்ததுன்னு எழுதியிருக்காங்க. ஹீத் அப்புறம் இங்கிலாந்து போய், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேக்கற முறைக்கு 1839ல காப்புரிமை வாங்கினார். அதை ஊரே பயன்படுத்திச்சு, அவருக்குக் காசு வரலை. வழக்கு வழக்குன்னு அலைஞ்சு கடைசியில ஒண்ணும் அனுபவிக்காம செத்துப் போனார். இங்க இருந்த ஆலையும் கை மாறி மாறி, 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள மூடிப்போச்சு. நான் பரங்கிப்பேட்டைக்கு மீன் வாங்க எத்தனையோ தடவை போயிருக்கேன். அங்க இரும்பு உருக்கினாங்கன்னு எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் தெரியும்.

இரும்பு இங்கேர்ந்து போச்சு, மரை அங்கேர்ந்து வந்துச்சு. அப்படித்தான் நான் இதைப் புரிஞ்சுக்கிறேன். நெல்லிக்குப்பத்துல பாரி கம்பெனி சர்க்கரை ஆலை, 1870கள்ல கடலூர் சிதம்பரம் வழியாப் போன ரயில், அப்புறம் அரிசி மில்லு, அச்சாபீஸ் எல்லாம் இங்கிலாந்து மிஷின். எல்லாத்துலயும் விட்வொர்த் மரை. ஆலையிலயும் ரயில்வேலயும் வேலை பழகினவங்கதான் வெளியில வந்து பட்டறை போட்டாங்க. அவங்க பெட்டியில இருந்ததும் விட்வொர்த் டேப்பு. அங்குலத்தை எட்டாப் பிரிச்சு ஒரு பங்கை ஒரு நூல்னு சொல்ற வழக்கமும் இதோட சேந்துதான் ஓடுது. இங்கிலீஷ்ல மரைக்கு இருக்கற பேரைத் தமிழ்ப்படுத்தினாலும் நூல்னுதான் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா கேக்க நல்லா இருக்கு.

அமெரிக்காக்காரன் இதை ஏத்துக்கலை. பிலடெல்பியாவுல வில்லியம் செல்லர்ஸ் 1864ல வேற மரை கொண்டு வந்தார். சரிவு 60 டிகிரி, முனை தட்டை. விட்வொர்த் மரையோட முனை உருண்டையா இருக்கும், அதை ஒழுங்கா வெட்ட நல்ல வேலைக்காரன் வேணும், தன்னோடது சாதாரண ஆளே வெட்டலாம்னு அவர் வாதம். ஐரோப்பாவுல பிரான்ஸ், ஜெர்மனி பக்கம் மெட்ரிக் மரை வளந்துச்சு. ஆக உலகத்துல மூணு சாதி மரை ஆயிடுச்சு. ஒண்ணுக்கொண்ணு கொள்வினை கொடுப்பினை கிடையாது.

இதனால உலகப் போரே திணறிச்சு. ரெண்டாம் உலகப் போர்ல ரோல்ஸ் ராய்ஸோட மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி செய்ய எடுத்துக்கிச்சு. என்ஜின் பூராவும் பிரிட்டிஷ் மரை. அதுக்கான டேப்பும் டையும் அங்க கிடைக்கலை, பேக்கார்டே தனியா செஞ்சுக்க வேண்டியிருந்தது. போர் முடிஞ்சதும் புத்தி வந்து, 1948 நவம்பர் 18 அன்னிக்கு வாஷிங்டன்ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணும் கையெழுத்துப் போட்டு ஒரே மரைக்கு வந்தாங்க. யு.என்.சி., யு.என்.எஃப்.னு சொல்றது அதுதான். 60 டிகிரி சரிவு. கிட்டத்தட்ட அமெரிக்கா ஜெயிச்ச மாதிரிதான்.

திண்ணைக்குத் திரும்புவோம். பெரியவர் உள்ள போய் ஒரு மரப்பெட்டி கொண்டு வந்தார். பூட்டு, பித்தளைக் கீலு. திறந்தா எண்ணெய்த் துணியில சுத்தின டேப்புங்க வரிசையா. நூல் கணக்குல ஒவ்வொரு சைஸுக்கும் மூணு மூணு. முதல் டேப்பு முனை கூம்பி இருக்கும், நுழைஞ்சு வழி பண்ணும். ரெண்டாவது அதை ஆழப்படுத்தும். மூணாவது அடிமட்டம் வரைக்கும் போய் முடிக்கும். கூடவே சீப்பு மாதிரி ஒரு மரை கேஜ். என் துருப்பிடிச்ச பழைய போல்ட்டை வாங்கி அதுமேல சீப்பை வெச்சு வெளிச்சத்துல பாத்தார். இடுக்கு தெரியக்கூடாது. தெரியலை. "விட்வொர்த்துதான்"னு சொல்லிட்டு என் வண்டியில ஏறி உக்காந்தார். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். ரோட்டுல அங்கங்க மரம் கிடந்தது, சுத்திச் சுத்தித்தான் வந்தோம்.

வந்ததும் அவர் டேப்பை எடுக்கலை. இன்னொரு ஓட்டையில இருந்த இறுகின போல்ட்டை முதல்ல பாத்தார். மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால தலையில லேசா லேசா தட்டி, கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்னன்னு அரைமணி நேரம் கொஞ்சினார். வந்துடுச்சு. அந்த ஓட்டைக்குள்ள துரு இருந்ததே தவிர மரை சாகலை. நான், "டேப்பை விட்டுச் சுத்தம் பண்ணிடலாமாய்யா?"ன்னு கேட்டேன். "சீக்காளிக்கு மருந்து குடுப்பியா, ஆபரேசன் பண்ணுவியா?"ன்னார். டேப்புக்கு வெட்டத்தான் தெரியும், சுத்தம் பண்ணத் தெரியாது, போற வழியில கொஞ்சம் நல்ல இரும்பையும் சீவிட்டுப் போயிடும். அவர் பெட்டியிலேர்ந்து ஒரு நல்ல விட்வொர்த் போல்ட்டை எடுத்தார். அதுல நீளவாக்குல மூணு கோடு ரம்பத்தால அறுத்திருந்தது. அதை விட்டு முன்ன பின்ன சுத்தினதும் துரு எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள வந்து தங்கிடுச்சு. மரை பளிச்சுன்னு வந்துச்சு. இந்தக் கருவிக்கு எந்தக் கடையிலயும் போக வேண்டாம். சரியான மரை உள்ள ஒரு போல்ட்டும் ரம்பமும் போதும்.

வெளிப்பக்க மரைக்கும் அதே நியாயம்தான். நசுங்கின ஸ்டட்டுல மேல் மரை ஒண்ணு ரெண்டுதான் கெட்டிருந்தா முக்கோண அரத்தால ராவினா போதும். அதுக்கு மேலன்னா டை நட்டு, ஆறு பட்டையா நட்டு மாதிரியே இருக்கும், ஸ்பேனர் போட்டுச் சுத்தலாம். அது கெட்ட மரையை நேராக்கும். வட்டமா நடுவுல ஒரு வெட்டு விட்ட டை இருக்கே, அது புதுக் கம்பியில மரை வெட்டறதுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு மாத்திப் போடறவங்க நிறைய.

இப்ப நான் கெடுத்த ஓட்டை. அதுல ரெண்டரை நூல் மரை செத்துப் போச்சு, ஓட்டை கிட்டத்தட்ட எட்டு எம்.எம். வழவழன்னு நிக்குது. பெரியவர் எட்டிப் பாத்துச் சிரிச்சார். "நீ கெடுத்ததுலயும் ஒரு புண்ணியம் பண்ணியிருக்க"ன்னார். மூணு நூல் விட்வொர்த் மரை வெட்டணும்னா முதல்ல டிரில்லால போட வேண்டிய ஓட்டை ரெண்டரை நூல். அந்த ஓட்டைதான் இங்க தயாரா இருக்கு! டிரில் வேண்டாம், கரண்டு வேண்டாம். மூணு நூல் முதல் டேப்பைக் கைப்பிடியில மாட்டி, மூலைமட்டம் வெச்சு நேரா நிக்குதான்னு ரெண்டு பக்கமும் பாத்து, அரைச் சுத்து முன்ன, கால் சுத்து பின்னன்னு போனார். பின்னால சுத்தறது வெட்டின தூளை உடைக்க. நான் எண்ணெய் எடுத்துக்கிட்டு ஓடினேன், வேண்டாம்னுட்டார். வார்ப்பிரும்பு பொடிப்பொடியா உதிரும், எண்ணெய் விட்டா சேறாகி டேப்பைப் பிடிச்சுக்கும். எஃகுக்குத்தான் எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். டேப்பு உள்ள உடைஞ்சுதுன்னா அதோட கதை முடிஞ்சுது. டேப்பை விடக் கெட்டியான இரும்பு கிடையாது, அதைத் துளைக்க இன்னொரு டிரில் இறங்காது. அதனால அவர் கை இறுக்கம் தெரிஞ்ச உடனே நிக்கும், கண்ணை மூடிக்கிட்டு விரலாலயே கேப்பார்.

மூணு டேப்பும் போய் வர முக்கால் மணி நேரம். குழாய்த் தட்டுல இருந்த ஓட்டையை உருண்டை அரத்தால அகலப்படுத்தினோம். மூணு நூல் போல்ட்டு உள்ள போய் உக்காந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. சாயந்திரம் தண்ணி வாய்க்கால்ல ஓடிச்சு. ராத்திரி பூராவும் மச்சானும் நானும் மடை மாத்தினோம். பக்கத்துக் கொல்லைக்கும் அந்த என்ஜின்தான் எட்டு நாள் ஓடிச்சு. கரண்டு வந்தது பொங்கல் கழிச்சு.

பெரியவர் கூலின்னு இருநூறு ரூபாதான் வாங்கினார். கூட ஒரு கூடை கத்திரிக்காய் குடுத்தேன்.

இப்ப என்னோட இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பெரியவர்கிட்ட பாத்ததுல எனக்கும் ஆசை வந்து, நானே ஒரு மூணு நூல் விட்வொர்த் டேப்பு வாங்கினேன். நாலஞ்சு வருஷம் கழிச்சு எங்க ட்ராக்டர்ல ஒரு போல்ட்டு இறுக்கமாப் போச்சு. அளந்தேன், மூணு நூல். சீப்பு வெச்சேன், அங்குலத்துக்கு 16 மரை. விட்வொர்த்துலயும் மூணு நூலுக்கு 16தான். சந்தோஷமா டேப்பை விட்டேன். அப்புறம் அந்த போல்ட்டு எப்ப இறுக்கினாலும் நாலு நாள்ல லூசாகும். ஒரு நாள் கையோட வந்துடுச்சு. விஷயம் என்னன்னா யு.என்.சி.யிலயும் மூணு நூலுக்கு 16 மரைதான். எண்ணிக்கை ஒண்ணு, சரிவு வேற. 60 டிகிரி பள்ளத்துல 55 டிகிரி கத்தியை விட்டுச் சீவி இருக்கேன். சீப்பை நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாத்திருந்தா மயிரிழை இடுக்கு தெரிஞ்சிருக்கும். அரை அங்குலத்துல மட்டும் விட்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13. அதுவா இருந்தா டேப்பே உள்ள போயிருக்காது, தப்பிச்சிருப்பேன்.

'பொறந்த ஊரு எது'ன்னு நான் கேக்காம விட்டதுதான் தப்பு. நம்ம நாட்டு ட்ராக்டருக்கு எல்லாம் பொறந்த ஊரு உண்டு. ஐச்சர் 1959ல ஜெர்மன்காரன் முறையில வந்துச்சு. சென்னையில டாஃபே 1960ல மாஸ்ஸி பெர்குசனோட சேந்து ஆரம்பிச்சது. மஹிந்திரா அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட. எச்.எம்.டி. செக்கோஸ்லோவாகியாவோட ஜீட்டர். அமெரிக்க, இங்கிலாந்து வழி வந்த பழைய வண்டின்னா பெரும்பாலும் யு.என்.சி., யு.என்.எஃப். ஜெர்மன், செக் வழின்னா மெட்ரிக். புல்லட் மோட்டார் சைக்கிள் 1955லேர்ந்து மெட்ராஸ்ல செய்யறாங்க. பழைய புல்லட்டுல இங்கிலாந்து சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26, அது தனிக் கணக்கு. ஒரே வண்டியிலயே பின்னால மாத்தின பாகத்துல மெட்ரிக் இருக்கும், ஆகையால பாகத்துக்குப் பாகம் சீப்பு வெக்கணும்.

எங்க மாவட்டத்துக்கு மெட்ரிக் மரை வந்த வழி நெய்வேலின்னு நான் நெனைக்கிறேன். 1935 வாக்குல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு போடும்போது கறுப்பா வந்துச்சு, அதுதான் நிலக்கரி. 1956ல கம்பெனி. அனல்மின் நிலையத்துக்கு ரஷ்யா மிஷின், சுரங்கத்துல மண்ணு வெட்ட ஜெர்மன் மிஷின். ரெண்டு நாடும் மெட்ரிக். அதே 1956ல சட்டம் போட்டு, 1958 அக்டோபர்லேர்ந்து நாட்டுல மெட்ரிக் அளவு வந்துச்சு. எங்கப்பா சேரையும் படியையும் விட்டுக் கிலோவுக்கும் லிட்டருக்கும் வந்துட்டார், ஆனா நூலை விடலை. நானும் விடலை.

விட்வொர்த் செத்துட்டார்னு நெனச்சுடாதீங்க. உங்க அபார்ட்மெண்ட்ல அரை இஞ்ச் குழாயைக் கழட்டிப் பாருங்க. அதுல இருக்கற மரை இன்னும் அந்த 55 டிகிரிதான், அங்குலத்துக்கு 14. அரை இஞ்ச்னு பேரு, ஆனா மரை மேல அளந்தா 21 எம்.எம். கிட்ட வரும். அரை அங்குலம் எங்கேன்னு தேடினா கிடைக்காது, அந்தக் காலத்து இரும்புக் குழாயோட உள் அளவு அது. பிளம்பர் டெஃப்லான் டேப்பைச் சுத்தறது அந்த மரைமேலதான்.

இப்ப எங்க ஊருக்கு வர்றது ஜப்பான் வழி நடவு மிஷினும் பெல்ட் மிஷினும். எல்லாம் மெட்ரிக். அதுலயும் ஒரு பொறி இருக்கு: பத்து எம்.எம். போல்ட்டுக்கு சாதாரணமா நடை 1.5, ஜப்பான் வண்டியில பெரும்பாலும் 1.25. ஹார்டுவேர் கடையில 'பத்து எம்.எம். போல்ட்டு'ன்னு கேட்டா 1.5ஐத் தான் தூக்கிக் குடுப்பாங்க. ரெண்டு சுத்து போகும். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

அலுமினிய என்ஜின்ல கெட்டா ஹெலிகாயில்னு ஒண்ணு இருக்கு. ஸ்டெயின்லெஸ் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுத்தினது. ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, அதுக்குன்னே வர்ற டேப்பால மரை வெட்டி, இந்த ஸ்பிரிங்கை உள்ள திருகிட்டா பழைய சைஸ் போல்ட்டே போடலாம். அலுமினியத்தை விட எஃகு மரை உறுதி. ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான என்ஜின்கள்ல பேர் வாங்கினது. என் ட்ராக்டர் ஓட்டைக்கும் கடைசியில இதுதான் கை குடுத்துச்சு. நம்ம லேத்காரங்க பழைய முறையில பித்தளையிலயோ இரும்புலயோ புஷ் கடைஞ்சு போடுவாங்க. சுத்தி இரும்பு தாராளமா இருந்தா அதுவும் நல்ல வேலை. சுவர் மெல்லிசா இருந்தா வேண்டாம், வெடிச்சுடும். உங்க பைக்ல ஆயில் மாத்தும்போது அடி போல்ட்டை எவனாவது காலால உதைச்சு இறுக்கினா தடுத்து நிறுத்துங்க. நாப்பது துண்டு, அறுபது துண்டுன்னு பெட்டி பெட்டியா மலிவா வர்ற செட்டை வாங்காதீங்கன்னு சொல்லுவேன். தேவைப்படற நாலு சைஸை ஹெச்.எஸ்.எஸ். எஃகுல தனித்தனியா வாங்குங்க. மரை சீப்பு ஒண்ணு கட்டாயம் வேணும். என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல வாங்கணும்.

பெரியவர் மூணு வருஷம் முன்னால காலமாயிட்டார். எனக்குத் தாமதமாத்தான் தெரிஞ்சுது. போய் விசாரிச்சப்ப அவர் மகன், வெளியூர்ல வேலை, அப்பாவோட சாமானை எல்லாம் இரும்புக் கடைக்குப் போட எடை போட்டு வெச்சிருந்தார். அந்த மரப்பெட்டி தராசு பக்கத்துல இருந்தது. நான் கேட்டதும், "விட்வொர்த் எல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க, எடுத்துக்குங்க அண்ணே"ன்னு குடுத்துட்டார். காசு வாங்க மாட்டேன்னார். பெட்டி இப்ப என் வீட்டு அலமாரியில இருக்கு. வருஷம் ரெண்டு தடவை எண்ணெய்த் துணி மாத்தறேன். ரம்பத்துல கோடு போட்ட அந்த போல்ட்டும் உள்ளதான் இருக்கு.

மூணரை நூல் செட்டுல ரெண்டாவது டேப்பைக் காணோம். பழைய ரயில்வே ஆளுங்களோ ஆலை ஆளுங்களோ உங்க வீட்ல இருந்தா பரண் மேல ஒரு தடவை பாருங்க. ஏழு பை பதினாறு, அங்குலத்துக்கு 14 மரை. இருந்தா சொல்லுங்க, மல்லாட்டை சீசன்ல ஒரு மூட்டை அனுப்பறேன்.